கொல்லிமலைக்குக் குடிவந்த குடும்பம்

பென்னலூர்ப் பக்கம் இருக்கிற நண்பர்களுக்கு வெளிநாட்டுக்காரர்கள் புதிதே இல்லை. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று சுற்றிலும் தொழிற்சாலைகள். கொரியா, ஜப்பான் என்று எங்கெங்கிருந்தோ இன்ஜினீயர்கள் வருகிறார்கள். சில ஆண்டுகள் வேலை பார்க்கிறார்கள், பிறகு ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். சிலர் குடும்பத்தோடும் வருவதுண்டு.

நூறு வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து ஒரு குடும்பம் தமிழ்நாட்டுக்கு வந்தது. அவர்கள் வந்தது தொழிற்சாலைக்கு அல்ல, ஒரு மலைக்கு. அதுவும் ரோடு இல்லாத, கரண்ட் இல்லாத, டாக்டர் இல்லாத கொல்லிமலைக்கு!

அந்த வீட்டுப் பையன் வளர்ந்து பெரிய டாக்டரானார். அவர் கதை நடந்த இரண்டு முக்கியமான இடங்கள் பென்னலூருக்கு இரண்டு பக்கமும் இருக்கின்றன. நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் போனால் வேலூர். ஒரகடம், சிங்கப்பெருமாள் கோயில் வழியாகத் தெற்கே போனால் செங்கல்பட்டு. அங்கெல்லாம் போவதற்கு முன், முதலில் மலை ஏறுவோமா?

வாணலி வீடு

ஜெஸ்ஸி பிராண்ட் ஒரு கட்டடத் தொழிலாளி. செங்கல் அடுக்கவும் தெரியும், மரம் இழைக்கவும் தெரியும். லண்டனில் ஒரே ஒரு வருடம் அடிப்படை மருத்துவம் படித்துவிட்டு, 1907-ல் நம் ஊருக்குக் கப்பல் ஏறினார். கிறிஸ்தவ மதப் பணிக்காக வந்தவர்தான். ஆனால் கொல்லிமலை மேல் ஏறிப் பார்த்தபோது, அங்கே இருந்தவர்களுக்கு உடனே தேவைப்பட்டது மருந்து என்று அவருக்குப் புரிந்தது. மலேரியா கொசுவுக்குப் பயந்து, கீழே சமவெளியில் இருந்தவர்கள் மலைமேல் போகவே தயங்கிய காலம் அது.

அவருடைய மனைவி ஈவ்லின், லண்டனில் வசதியான குடும்பத்துப் பெண். ஓவியம் வரைவதில் கெட்டிக்காரர். 1913-ல் இருவருக்கும் கல்யாணம் ஆயிற்று. நேரே மலை ஏறிவிட்டார்கள்.

இன்றைக்குக் கொல்லிமலைக்குப் போகிறவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே பஸ்ஸில் போகலாம். அப்போது ஒற்றையடிப் பாதைதான். நடக்க முடியாதவர்களை டோலியில் தூக்கிக்கொண்டு போவார்கள்.

வாழவந்தி நாடு என்ற பகுதியில் ஜெஸ்ஸி ஒரு மர வீடு கட்டினார். தரையிலிருந்து உயரமாகக் கால்களின் மேல் நிற்கும் வீடு. மர வீட்டுக்கு முதல் எதிரி யார்? கரையான்! அதற்கு ஜெஸ்ஸி ஒரு தந்திரம் செய்தார். ஒவ்வொரு காலின் உச்சியிலும் கவிழ்த்த வாணலி மாதிரி ஒரு தகட்டை வைத்தார். கரையான் காலில் ஏறி வரும். வாணலியின் விளிம்புக்கு வந்ததும் மேலே போக வழியில்லாமல் தவிக்கும். அவ்வளவுதான், வீடு தப்பித்தது.

இந்த வீட்டில்தான் பாலும் அவன் தங்கை கானியும் வளர்ந்தார்கள். பால் பிறந்தது 1914 ஜூலை 17-ல்.

மரத்தின் மேல் வகுப்பறை

பள்ளிக்கூடம் கிடையாது. அம்மாதான் டீச்சர். பாலுக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் பாடம் ஏறாது. மரக்கிளையில் உட்கார்ந்தால் ஏறும்! ‘சரி, அங்கேயே படி’ என்று அம்மா விட்டுவிட்டார். (இதைப் படித்துவிட்டு உங்கள் கணக்கு டீச்சரிடம் போய்க் கேட்காதீர்கள்.)

அப்பா காட்டுக்குள் கூட்டிப் போவார். கரையான் புற்றின் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து, உள்ளே எப்படி அறை அறையாக இருக்கிறது, எந்தக் கரையானுக்கு என்ன வேலை என்று காட்டுவார். வீட்டில் எதிரி, காட்டில் பாடம்!

வீட்டு வாசலில் வேறொரு பாடம் நடக்கும். அது அவ்வளவு இனிமையானதல்ல. காலில் நரம்புச் சிலந்தி வந்தவர்கள் வருவார்கள். பெயரில் சிலந்தி இருந்தாலும் அது ஒரு புழு. நூல் மாதிரி, ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். அசுத்தமான தண்ணீரைக் குடிக்கும்போது அதன் குஞ்சு வயிற்றுக்குள் போய்விடும். ஒரு வருடம் உடம்புக்குள் வளர்ந்து, காலில் கொப்புளமாகக் கிளம்பும். எரிச்சல் தாங்காமல் அந்த ஆள் குளத்தில் காலை வைப்பார். உடனே புழு தண்ணீரில் ஆயிரக்கணக்கில் குஞ்சுகளை விட்டுவிடும். அதே தண்ணீரை ஊரே குடிக்கும்!

புழுவைப் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும், கால் சீழ்ப் பிடித்துவிடும். அதனால் ஜெஸ்ஸி ஒரு குச்சியில் அதைச் சுற்றி, ஒரு நாளைக்குக் கொஞ்சம், மறுநாள் கொஞ்சம் என்று நாள்கணக்கில் வெளியே எடுப்பார். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடியுங்கள், குடிநீரில் காலை வைக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். (இந்த நோய் இந்தியாவில் இப்போது இல்லவே இல்லை. 2000-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்துவிட்டது.)

1918-ல் உலகம் முழுவதும் இன்ஃபுளூயன்சா காய்ச்சல் பரவியது. கொல்லிமலையையும் அது விடவில்லை. வீடு வீடாகப் படுத்துவிட்டார்கள். அடுப்பு மூட்டக்கூட ஆள் இல்லை. ஜெஸ்ஸியும் ஈவ்லினும் கஞ்சி காய்ச்சிச் சுமந்துகொண்டு போய்க் கொடுத்தார்கள். அதுவரை அவர்களை எதிர்த்துக்கொண்டிருந்த பூசாரி ஒருவர் சாகும் நேரத்தில் தன் பெண் குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்தார்.

ஒரு நாள் மூன்று பேர் வந்தார்கள். கையிலும் காலிலும் விரல்கள் குறைந்திருந்தன. தொழுநோய். எல்லோரையும் தொட்டு வைத்தியம் பார்க்கும் அப்பா, அன்றைக்குக் கையுறை மாட்டிக்கொண்டார். பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார்கள். புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டு அனுப்பிய பிறகும், அவர்கள் உட்கார்ந்த இடத்துக்குப் போகக்கூடாது என்று கட்டளை. அப்பாவுக்கே பயமா? பாலுக்கு அந்த நாள் மறக்கவே இல்லை.

தாத்தா கேட்ட கேள்வி

மலைச்சரிவில் படிப்படியாக நெல் வயல்கள். மேல் வயலில் நிரம்பும் தண்ணீர், வரப்பில் இருக்கும் சின்ன வாய்க்கால் வழியாகக் கீழ் வயலுக்கு இறங்கும். அங்கிருந்து அதற்கும் கீழே. ஊர்ப் பையன்களோடு சேர்ந்து பாலும் வயலில் இறங்கித் தவளை பிடிப்பான். சேற்றில் ஒரே ஓட்டம், ஒரே கூச்சல்.

அன்றைக்கும் அப்படித்தான். திடீரென்று எல்லோரும் கப்சிப். வயல்களையும் வரப்புகளையும் பார்த்துக்கொள்ளும் தாத்தா வந்து நின்றார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். தவளை பிடிக்கிறோம் என்றார்கள். நாற்றை மிதித்ததற்குத் திட்டப்போகிறார் என்று பையன்கள் நினைத்தார்கள்.

தாத்தா திட்டவில்லை. குனிந்து ஒரு கை சேற்றை அள்ளினார். இது என்ன என்றார். சேறு என்றார்கள். பிறகு வரப்பில் இருந்த வாய்க்காலைக் காட்டி, அதில் ஓடுவது என்ன என்றார். தண்ணீர் என்றார்கள்.

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. பக்கத்து வாய்க்காலுக்கு அழைத்துப் போனார். அங்கே தண்ணீர் பளிங்கு மாதிரி ஓடியது. இதுதான் தண்ணீர், இப்போது நீங்கள் விளையாடிய இடத்தைப் பாருங்கள் என்றார். அங்கே ஓடியது காப்பி நிறத்தில் இருந்தது.

விஷயம் இதுதான். வயலில் தண்ணீர் அசையாமல் நின்றால் மண் அடியில் படியும், தண்ணீர் தெளிந்து வெளியேறும். பத்துப் பையன்கள் குதித்தால் மண் கலங்கித் தண்ணீரோடு கீழே போய்விடும். கீழே இறங்கிய மண் ஒருநாளும் மலை ஏறாது. தாத்தாவின் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட மண் அது. தண்ணீர் என்று பையன்கள் நினைத்தது, உண்மையில் வயலே ஒழுகிப் போனது!

எல்லோரும் வெட்கத்தோடு வயலை விட்டு ஏறினார்கள். பால் பிராண்ட் தன் 70 வயதுக்கு மேல், இந்தச் சம்பவத்தை ஒரு கட்டுரையாகவே எழுதினார்.

தந்திக்குப் பிறகு வந்த கடிதங்கள்

பாலுக்கு 9 வயது ஆனபோது, 1923-ல், குடும்பமே இங்கிலாந்து போனது. படிப்புக்காகப் பிள்ளைகள் இருவரையும் லண்டனில் பாட்டி, அம்மாவின் சகோதரிகளோடு விட்டுவிட்டு, அப்பாவும் அம்மாவும் மலைக்குத் திரும்பினார்கள். மரம் ஏறிப் பழகிய பால், லண்டன் தெருவிளக்குக் கம்பங்களில் ஏறிப் பார்த்தான். என்ன செய்வது, பாவம்!

போன் கிடையாது. கடிதம்தான். அது கப்பலில் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். மலையில் என்ன மரம் பார்த்தேன், என்ன பறவை பார்த்தேன் என்று அப்பா பக்கம் பக்கமாக எழுதுவார். இன்னும் ஒரு வருடத்தில் அப்பாவும் அம்மாவும் லீவில் வந்துவிடுவார்கள் என்று இருந்தபோது, 1929 ஜூனில் ஒரு தந்தி வந்தது. மலேரியாவால் வரும் ‘கருநீர்க் காய்ச்சல்’ தாக்கி ஜெஸ்ஸி பிராண்ட் இறந்துவிட்டார். வயது 44. பாலுக்கு அப்போது 14. கடைசியாக அப்பாவைப் பார்த்து ஐந்து வருடங்கள் ஆகியிருந்தன.

தந்தி வேகமாக வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே அப்பா எழுதிப் போட்ட கடிதங்கள் கப்பலில் மெதுவாக வந்துகொண்டிருந்தன. அப்பா இல்லை என்று தெரிந்த பிறகும், அவருடைய கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மரங்களையும் பறவைகளையும் பற்றி!

ஊருக்கு நல்லது செய்யப்போன குடும்பம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதில் அந்தப் பிள்ளைகள் கொடுத்தது என்ன என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

பாலுக்கு டாக்டர் ஆசை துளியும் இல்லை. சீழையும் ரத்தத்தையும் சின்ன வயதிலேயே பார்த்து அலுத்திருந்தான். அப்பாவைப் போலவே கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றுக்கொண்டான். பிறகுதான் மனம் மாறி லண்டனில் மருத்துவம் படித்து, அறுவை சிகிச்சை நிபுணர் ஆனார். கூடப் படித்த மார்கரெட்டை 1943-ல் திருமணம் செய்துகொண்டார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். மறுவருடம் மார்கரெட்டும் குழந்தைகளும் வந்தார்கள். மறுபடியும் ஒரு பிராண்ட் குடும்பம்!

1947-ல் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணி என்ற ஊரில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். (இப்போது அது மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம்.) அதை நடத்திவந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் சுற்றிக் காட்டினார். எங்கு பார்த்தாலும் மடங்கிப்போன விரல்கள். இந்தக் கைகளுக்கு ஏன் ஆபரேஷன் செய்வதில்லை என்று பால் கேட்டார். உங்களைப் போன்ற எலும்பு வைத்தியர்கள் யாரும் இந்தப் பக்கமே வருவதில்லையே என்று காக்ரேன் திருப்பிக் கேட்டார்.

மடங்கிய விரல்களோடு இருந்த ஒருவரிடம், என் கையை இறுக்கிப் பிடியுங்கள் என்றார் பால். லேசாகப் பிடிப்பார் என்று நினைத்தார். பிடித்த பிடியில் பாலுக்கு உயிர் போய்விட்டது! கையில் அவ்வளவு பலம். ஆனால் அந்த மனிதருக்கு, தான் இறுக்குகிறோம் என்பதே தெரியவில்லை.

அந்த வலியில்தான் பாலுக்கு வழி தெரிந்தது. முழங்கை சுவரில் இடித்தால் ‘சுரீர்’ என்று ஷாக் அடிக்குமே, அங்கே ஒரு நரம்பு ஓடுகிறது. தொழுநோய்க் கிருமி தாக்கும் முக்கியமான நரம்புகளில் அதுவும் ஒன்று. அது கெட்டால் உள்ளங்கையின் சின்னத் தசைகள் செயலிழந்து விரல் மடங்கிவிடும். ஆனால் முன்கையில் இருக்கும் பெரிய தசைகள் சில நன்றாகவே இருக்கும். அந்த நல்ல தசையின் தசைநாரை எடுத்து, செயல் இழந்த விரலில் இணைத்தால்? கிணற்றுக் கயிற்றை ஒரு கப்பியிலிருந்து எடுத்து இன்னொரு கப்பியில் போடுவது மாதிரி!

1948-ல் வேலூரில் ஒரு வாலிபருக்கு முதலில் செய்து பார்த்தார்கள். மடங்கிய விரல் நிமிர்ந்தது. பிறகு நூற்றுக்கணக்கான கைகள் நிமிர்ந்தன. 1951-ல் ‘நவ ஜீவ நிலையம்’ என்று குடிசைகள் கொண்ட சிறு கிராமம் ஒன்றையே அமைத்து, குணமானவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுக்க டாக்டரே இருந்தாரே!

விரல் எங்கே போகிறது?

எல்லோரும் நம்பிய ஒரு விஷயம் உண்டு. தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழுந்துவிடும் என்று. பால் அதை அப்படியே ஏற்கவில்லை. தண்ணீர் மாதிரி இருப்பதெல்லாம் தண்ணீரா என்று சின்ன வயதிலேயே கேள்வி கேட்கப்பட்டவர் அல்லவா!

ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. மெலிந்த ஒரு நோயாளிப் பையன் ஓடி வந்து, சாவியைத் திருகித் திறந்துவிட்டான். இவ்வளவு பலமா என்று பார்த்தால், தரையில் ஒரு சொட்டு ரத்தம். சாவி அவன் விரலை எலும்பு வரைக்கும் அறுத்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

அன்று முதல் ஒவ்வொரு புண்ணையும் துப்பறிய ஆரம்பித்தார்கள். இது எப்படி வந்தது? சுடுகிற பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கியது. இது? சுத்தியல் பிடி. ஆனால் ராத்திரி நன்றாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்தது எப்படி? ஒரு ராத்திரி விழித்திருந்து பார்த்தபோது தெரிந்தது. எலி! தூங்குகிறவரின் விரலை எலி கடித்துத் தின்றிருக்கிறது. வலி இல்லாததால் அவர் விழிக்கவில்லை. மருத்துவ உலகமே விடை தெரியாமல் இருந்த கேள்விக்கு வைத்தியம் என்ன தெரியுமா? பூனை. வீட்டுக்குப் போகிற நோயாளிகளிடம் பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள்!

விரலை எடுப்பது கிருமி அல்ல, வலி இல்லாததுதான் என்று தெரிந்தது. வலி ஒரு காவல்காரன். அவன் தூங்கிவிட்டால் வீட்டில் எது வேண்டுமானாலும் திருடு போகும்.

ஒருமுறை நீண்ட பயணம் முடிந்து லண்டன் ஓட்டலில் காலுறையைக் கழற்றியபோது, பாலின் குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்தினார். வலிக்கவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டதா? ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. காலையில் மறுபடி குத்தினார். ‘ஆ’ என்று கத்தினார். பயணத்தில் ஒரே மாதிரி உட்கார்ந்ததில் மரத்துப் போயிருந்ததுதான்! வலித்ததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதர் வேறு யாராவது இருப்பார்களா?

மார்கரெட் கண் டாக்டர் ஆனார். தொழுநோயில் கண் சிமிட்டும் தசை செயல் இழந்தால் பார்வையே போய்விடும். அதைத் தடுப்பதில் உலகிலேயே முன்னோடிகளில் ஒருவர் அவர். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-ல் தொடங்கிய ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்து, புண் வராத மெத்தென்ற ரப்பர் செருப்பையும் உருவாக்கினார்கள். சர்க்கரை நோய் உள்ள உங்கள் தாத்தாவோ பாட்டியோ ‘எம்.சி.ஆர். செருப்பு’ போடுகிறார்களா? அதுதான் இது.

இன்றைக்குத் தொழுநோய் மாத்திரையிலேயே முழுதாகக் குணமாகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தோலில் உணர்ச்சியில்லாத வெளிர் படை தெரிந்தால், உடனே காட்டினால் விரல்களுக்கு ஒன்றும் ஆகாது.

பாலும் மார்கரெட்டும் 1966-ல் அமெரிக்கா போனார்கள். அங்கேயும் இதே வேலைதான். பால் பிராண்ட் 2003-ல், 89-வது பிறந்த நாளுக்குச் சில நாட்கள் முன்பு காலமானார்.

மலையை விட்டு இறங்காத பாட்டி

அம்மா ஈவ்லின் என்ன ஆனார்?

கணவர் இறந்த பிறகு இங்கிலாந்து போய் ஒரு வருடம்தான் இருந்தார். திரும்பி வந்துவிட்டார். ஆனால் தலைமையகம் அவரை மலையில் விடாமல் சமவெளியில் வேலை கொடுத்தது. பொறுத்துக்கொண்டார். 68 வயது ஆயிற்று, ஓய்வு பெறுங்கள் என்றார்கள். சரி என்று ஓய்வு பெற்றார். பெற்ற கையோடு, யாரையும் கேட்காமல் மறுபடி மலை ஏறிவிட்டார்!

மலையில் ஒரு சின்ன வீடு, சவாரிக்கு மட்டக்குதிரை. கொல்லிமலை போதாது என்று சுற்றியுள்ள மற்ற மலைகளுக்கும் மருந்துப் பெட்டியோடு போனார். குதிரையிலிருந்து விழுந்தார், எலும்பு உடைந்தது. நடக்க முடியாமல் போனபோது இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார். மகன் பெரிய டாக்டர், வந்துவிடுங்கள் அம்மா என்று கெஞ்சியும் கேட்கவில்லை. ஓவியம் படித்தவர், அழகை ரசித்தவர். கடைசி இருபது வருடங்கள் தன் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. அவரை எல்லோரும் ‘பிராண்ட் பாட்டி’ என்றுதான் அழைத்தார்கள்.

1974 டிசம்பரில், 95 வயதில் பாட்டி இறந்தார். மலை மேலே கொண்டுபோய், 45 வருடங்களாக அங்கே இருந்த ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.